அத்தியாயம் 9: பத்து விரல் ரேகை
உள்ளூர்ப் போலீஸ், கவுன்ட்டி ஜெயில், ஐஸ்: எங்கே சந்திக்கின்றன, நீங்கள் என்ன செய்யலாம்

சென்னையில் விசா விண்ணப்ப மையத்தின் கண்ணாடிப் பலகைமேல் இடக்கையின் நான்கு விரல், வலக்கையின் நான்கு விரல், கடைசியில் இரண்டு கட்டை விரல் என்று வைத்து எடுத்தது நினைவிருக்கும். அந்த ரேகை உங்கள் பெயர், பாஸ்போர்ட், விசா வகை எல்லாவற்றோடும் சேர்ந்து அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினியில் இன்றும் இருக்கிறது. என்றாவது ஒரு கவுன்ட்டி ஜெயிலில் அதே பத்து விரல்களை இன்னொரு கண்ணாடிமேல் வைக்கச் சொன்னால், இரண்டு ரேகைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

'போலீஸ் வேற, ஐஸ் வேற' என்று நம்மவர்கள் வாட்ஸாப் குழுக்களில் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வதுண்டு. சட்டப் புத்தகத்தில் அது சரிதான். ஆனால் இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு: ஜெயிலில் ரேகை எடுக்கிற மேசை. ரோட்டில் போலீஸ்காரர் என்ன கேட்பாரோ என்று பயந்துகொண்டிருப்பதைவிட, அந்த மேசைவரை போகாமல் பார்த்துக்கொள்வதில் கவனம் வையுங்கள். பாதி வேலை முடிந்தது. போக நேர்ந்துவிட்டால், அடுத்த இரண்டு நாளில் செய்வதும் பிறகு கோர்ட்டில் ஒப்புக்கொள்வதும் மீதிப் பாதி.

எஃப்-1 மாணவர், எச்-1பி ஊழியர், எச்-4 துணைவர், கிரீன் கார்டுக்காரர், அகதித் தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர், கையில் காகிதமே இல்லாதவர் என எல்லோருக்கும் பொதுவானது இந்த அத்தியாயம். சட்ட நிலை 2025 முடிய உள்ளபடி எழுதப்பட்டிருக்கிறது. கைது நடந்துவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.

யாருக்கு எந்த அதிகாரம்

நம் ஊரில் கான்ஸ்டபிளிலிருந்து டிஜிபிவரை ஒரே ஏணி. அமெரிக்காவில் அப்படி ஓர் ஏணி கிடையாது. நாடு முழுக்க ஏறத்தாழ 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன. நகரப் போலீஸ் நகர நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டது. ஷெரிஃப் பெரும்பாலும் கவுன்ட்டி மக்களால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அநேக இடங்களில் ஜெயில் அவர் கையில். நெடுஞ்சாலை ரோந்து மாநிலத்துடையது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சொந்தப் போலீசே உண்டு. உங்களைப் பிடிப்பவர் ஒருவர், அடைத்து வைப்பவர் இன்னொருவர், வழக்கு நடத்துபவர் மூன்றாமவர்.

குடிவரவுச் சட்டம் மட்டும் மத்திய அரசின் சொத்து. அதை நாட்டுக்குள் அமல்படுத்துவது 2003-ல் உருவான குடிவரவு, சுங்க அமலாக்கத் துறை. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'ஐஸ்' என்கிறார்கள். விசாக் காலம் முடிந்தும் தங்கியிருப்பது சிவில் மீறல். அதற்காக மட்டும் ஒருவரைக் கைது செய்யும் அதிகாரம் பொதுவாக உள்ளூர்ப் போலீசுக்கு இல்லை. 2010-ல் அரிசோனா அந்த அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதன் மூன்று பிரிவுகளை நீக்கியது. வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவரின் குடிவரவு நிலையைப் போலீஸ் விசாரிக்கலாம் என்ற பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மத்திய அரசு உள்ளூர் அதிகாரிகளைத் தன் வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1997-ல் துப்பாக்கிச் சட்டம் தொடர்பான ஒரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, ஐஸ் கேட்கலாம். உத்தரவு போட முடியாது. ஆனால் மாநிலம் தன் ஷெரிஃபுக்கு 'ஒத்துழை' என்றும் உத்தரவிடலாம், 'கூடாது' என்றும் தடுக்கலாம். ஒரே தப்புக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஒரு முடிவும் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் வேறொரு முடிவும் வருவது இதனால்தான்.

ரேகை போகும் வழி

கைதானவரின் ரேகை மாநிலக் குற்றப் பதிவகத்துக்குப் போகிறது. அங்கிருந்து பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்க்க எஃப்பிஐக்குப் போகிறது. எஃப்பிஐ அதை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினியோடு ஒப்பிட அனுப்புகிறது. 2008-ல் டெக்சாஸின் ஹாரிஸ் கவுன்ட்டியில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2013-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. அதன் பெயரையும் முன்னுரிமைகளையும் அடுத்தடுத்து வந்த அதிபர்கள் மாற்றினார்கள். குழாய் மட்டும் அப்படியே இருக்கிறது. எந்த ஷெரிஃபும் அதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. குற்றப் பின்னணி பார்க்க எஃப்பிஐக்கு ரேகை அனுப்பாமல் ஜெயில் நடத்த முடியாதே.

எனவே கலிஃபோர்னியாவில் கைதானாலும் டெக்சாஸில் கைதானாலும் ஐஸுக்குத் தகவல் போகும். இதை நன்றாக மனத்தில் வையுங்கள். ஐஸோடு ஒத்துழைக்காத ஊர்களுக்கு உள்ள 'சரணாலய நகரம்' என்ற பெயர் இந்தக் கட்டத்தில் உங்களைக் காப்பாற்றாது. அடுத்த கட்டத்தில்தான் வித்தியாசம் வருகிறது.

சட்டப்படி தங்கியிருப்பவருக்கு இதில் என்ன? நாடுகடத்தத் தக்க காரணம் இல்லாதவரை ஐஸ் பெரும்பாலும் தேடி வராது. ஆனால் தகவல் வேறு வாசல் வழியாகவும் போகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானவரின் விசாவை, தீர்ப்பு வரும் முன்பே வெளியுறவுத் துறை ரத்து செய்வது 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் பலர் குழம்புகிறார்கள். விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டிய நுழைவுச் சீட்டு. நீங்கள் உள்ளே தங்கியிருக்கும் அந்தஸ்து ஐ-94 பதிவில் இருக்கிறது. விசா ரத்தானதுமே எச்-1பி வேலை போய்விடுவதில்லை. ஆனால் தங்கை கல்யாணத்துக்கு மதுரை போனால், புது விசா எடுக்காமல் திரும்ப முடியாது. மேலும், ரத்தான விசாவையே நாடுகடத்தக் காரணமாகக் காட்டச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடிதம் வந்த அன்றே குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

2025 வசந்த காலத்தில் மாணவர்களுக்கு இது நேரடியாகவே நடந்தது. லட்சக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை எஃப்பிஐயின் குற்றத் தகவல் கணினியில் ஓட்டிப் பார்த்து, பொருந்தி வந்த ஆயிரக்கணக்கானவர்களின் மாணவர் பதிவு முடக்கப்பட்டது. தள்ளுபடியான வழக்குகளும் சாதாரண டிராஃபிக் விவகாரங்களும்கூட அதில் சிக்கின. இந்திய மாணவர்கள் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள். நாடெங்கும் வழக்குகள் போட்ட பிறகு ஏப்ரல் கடைசியில் பதிவுகள் திரும்ப உயிர்ப்பிக்கப்பட்டன. தள்ளுபடியான வழக்கும் கணினியில் தங்கியிருக்கும் என்று அவர்கள் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

டிடெய்னர் என்ற தாள்

ரேகை பொருந்தி, ஆள் நாடுகடத்தத் தக்கவர் என்று ஐஸ் நினைத்தால் ஜெயிலுக்கு ஒரு படிவம் வரும். அதன் எண் ஐ-247ஏ; பேச்சு வழக்கில் 'டிடெய்னர்' அல்லது 'ஐஸ் ஹோல்ட்'. ஜாமீன் கட்டியோ வழக்கு முடிந்தோ வெளியே விடவேண்டிய நேரம் வந்த பிறகும், கூடுதலாக 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். 2017 முதல் கூடவே ஒரு நிர்வாக வாரண்ட்டும் வருகிறது. அதில் கையெழுத்திடுபவர் ஐஸ் அதிகாரி, நீதிபதி அல்ல. கோர்ட் வாரண்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் வக்கீலுக்குப் பெரிய ஆயுதம்.

டிடெய்னர் ஒரு வேண்டுகோள் மட்டுமே. பென்சில்வேனியாவில் ஓர் அமெரிக்கக் குடிமகனையே டிடெய்னரின் பேரில் ஜாமீனுக்குப் பிறகும் அடைத்து வைத்த வழக்கில், 2014-ல் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பிடித்து வைப்பது கவுன்ட்டியின் சொந்த முடிவு, பொறுப்பும் கவுன்ட்டிக்கே. அதே ஆண்டு ஒரிகனிலும் ஒரு கவுன்ட்டிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2017-ல் மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்றம், டிடெய்னரை மட்டும் வைத்து ஒருவரைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அந்த மாநில அதிகாரிகளுக்கு இல்லை என்றே சொல்லிவிட்டது.

உங்கள் மாநிலம் எந்தப் பக்கம்

கலிஃபோர்னியா: எஸ்பி 54 என்ற சட்டம் 2018 முதல் அமலில் இருக்கிறது. டிடெய்னரின் பேரில் கூடுதல் நேரம் அடைத்து வைக்கக் கூடாது. ஆனால் குறிப்பிட்ட சில குற்றங்களில் தண்டனை பெற்றவர் எப்போது வெளியே வருகிறார் என்று ஐஸுக்குச் சொல்ல அனுமதி உண்டு. எனவே தடுப்பு முழுமையானது அல்ல.

இல்லினாய்: 2017 சட்டமும் 2021-ல் வந்த நீட்டிப்பும் சேர்ந்து மிக இறுக்கமான தடுப்பு.

வாஷிங்டன், ஒரிகன், நியூஜெர்சி: இவையும் தடுக்கும் பக்கம். ஒரிகன் 1987-லேயே நாட்டுக்கு முன்னோடியாகச் சட்டம் செய்தது. வாஷிங்டனில் 2019 சட்டம். எடிசன், ஜெர்சி சிட்டி தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, நியூஜெர்சியின் தலைமை வழக்கறிஞர் 2018-ல் பிறப்பித்த உத்தரவு.

டெக்சாஸ்: 2017-ன் எஸ்பி 4 நேர் எதிர். ஜெயில்கள் டிடெய்னரை மதித்தே ஆகவேண்டும். நிறுத்தப்பட்டவரிடம் குடிவரவு நிலையைக் கேட்கும் போலீஸ்காரரை அவருடைய மேலதிகாரி தடுக்க முடியாது. 2025-ல் வந்த இன்னொரு சட்டம், ஜெயில் நடத்தும் ஷெரிஃப்கள் ஐஸோடு ஒப்பந்தம் போடவேண்டும் என்கிறது.

ஃப்ளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினா: ஃப்ளோரிடாவில் 2019 முதலே கட்டாய ஒத்துழைப்பு, 2025-ல் 67 கவுன்ட்டிகளும் ஒப்பந்தத்துக்குள் வந்தன. ஜார்ஜியாவில் 2024 சட்டம். கேரி, மாரிஸ்வில் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: வட கரோலினாவில் ஆளுநரின் மறுப்பை மீறி 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டப்படி ஷெரிஃப்கள் 48 மணி நேரப் பிடிப்பை மதிக்க வேண்டும்.

வண்டியில் மாநில எல்லை தாண்டும்போது, தாண்டியதும் எந்த விதி என்று தெரிந்துகொண்டு போங்கள்.

287(ஜி): உள்ளூர்ச் சட்டைக்குள் மத்திய அதிகாரம்

1996-ல் குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 287(ஜி) பிரிவின்படி, ஐஸோடு ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி பெற்ற உள்ளூர் அதிகாரி குடிவரவு அதிகாரியின் சில வேலைகளைச் செய்யலாம். முதல் ஒப்பந்தம் 2002-ல் ஃப்ளோரிடாவோடு போடப்பட்டது. இதில் மூன்று வகை உண்டு. ஜெயிலுக்குள் இருப்பவரை விசாரித்து நாடுகடத்தல் வேலையைத் தொடங்கி வைப்பது ஒன்று. ஜெயிலில் ஐஸின் வாரண்ட்டைச் சார்வு செய்வது மட்டும் இரண்டாவது. ரோந்து போகும்போதே ரோட்டில் குடிவரவு விசாரணை நடத்தும் 'டாஸ்க் ஃபோர்ஸ்' மூன்றாவது. உங்களுக்கு அதிகம் முக்கியமானது இந்த மூன்றாவது வகைதான்.

டாஸ்க் ஃபோர்ஸ் முறை 2012-ல் கைவிடப்பட்ட கதை தெரிந்திருப்பது நல்லது. அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்ட்டியில் ஷெரிஃப் ஜோ ஆர்பாயோவின் ஆட்கள் தோற்றத்தைப் பார்த்து லத்தினோ மக்களை நிறுத்தினார்கள் என்று 2013-ல் மத்திய நீதிபதி தீர்ப்பளித்தார். அதே வழக்கில் அதற்கு முன்பே போடப்பட்ட உத்தரவை மதிக்காததற்காக 2017-ல் ஆர்பாயோ குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். 2025 ஜனவரியில் அதே முறை திரும்ப வந்தது. அப்போது நாடு முழுக்க ஏறத்தாழ 135 ஆக இருந்த 287(ஜி) ஒப்பந்தங்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் 1,000-ஐத் தாண்டிவிட்டன.

இதை ஆதரிக்கும் ஷெரிஃப்கள், ஆளைத் தெருவில் துரத்துவதைவிட ஜெயிலிலேயே கைமாற்றுவது எல்லோருக்கும் பாதுகாப்பு என்கிறார்கள். எதிர்க்கும் போலீஸ் தலைவர்கள், பாதிக்கப்பட்டவர்களும் சாட்சிகளும் புகார் கொடுக்கவே பயப்படுவார்கள் என்கிறார்கள். உங்கள் கருத்து எப்படியோ, உங்கள் கவுன்ட்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை ஐஸ் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னால்

ஊர்ப் பழக்கங்கள் சிலவற்றை இங்கே மறக்க வேண்டும்.

1. வண்டியை விட்டு இறங்காதீர்கள். நம் ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே அது மிரட்டலாகத் தெரியும். இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு.

2. இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் தெரியட்டும். டாஷ்போர்டில் இருந்து எதையாவது எடுக்குமுன் சொல்லிவிட்டு எடுங்கள்.

3. லைசன்ஸ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கொடுங்கள். பணத்தைப் பற்றியோ தெரிந்த பெரிய மனிதரைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வேண்டாம். லஞ்சப் பேச்சு தனிக் குற்றம்.

4. புரியாத கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். பதற்றத்தில் 'யெஸ் யெஸ்' என்பது நம்மில் பலருக்குப் பழக்கம். 'ஆர் யூ எ சிட்டிசன்?' என்ற கேள்விக்கு அப்படி ஒரு 'யெஸ்' விழுந்தால் கதை வேறு. குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது வாழ்நாள் முழுக்க கிரீன் கார்டை அடைக்கக்கூடிய குற்றம். அதற்கு விலக்கு கிடைப்பது மிக அபூர்வம். புரியவில்லை என்றால், புரியவில்லை என்று சொல்லுங்கள்.

5. எங்கே பிறந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்ற கேள்விகளுக்கு உள்ளூர்ப் போலீசிடம் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பல மாநிலங்களில் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநராக இருந்தால் லைசன்ஸ் காட்டியே ஆகவேண்டும். அதற்கு மேல், 'ஐ விஷ் டு ரிமெய்ன் சைலன்ட்' என்ற ஒரே வாக்கியம் போதும். மௌனமாக இருக்கலாம், பொய் சொல்லவோ போலி ஆவணம் காட்டவோ கூடாது.

6. சட்டப்படி தங்கியிருக்கும் 18 வயது நிறைந்தவர், கிரீன் கார்டோ ஐ-94-ஓ போன்ற பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். ஐ-94-ஐ அச்சிட்டுப் பர்சில் வையுங்கள்.

7. டிக்கெட்டுக்கான வேலை முடிந்த பிறகு, நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'ஆம் ஐ ஃப்ரீ டு கோ?' என்று அமைதியாகக் கேளுங்கள். 'போகலாம்' என்றால் போய்விடுங்கள்.

டிக்கெட்டா, கைதா

டிக்கெட் என்றால் காகிதம். கைது என்றால் ரேகை. நம்மவர்கள் அந்தக் கோட்டைத் தெரியாமல் தாண்டுகிற இடங்கள் சில.

லைசன்ஸ் காலாவதி. எச்-1பிக்காரர்களின் லைசன்ஸ் பல மாநிலங்களில் ஐ-94 முடியும் தேதியோடு கட்டப்பட்டிருக்கும். நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கும்போது 240 நாள்வரை வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் லைசன்ஸ் தரும் டிஎம்வி கவுன்டரில் அந்த மனுவின் ரசீதை ஏற்காமல் போகலாம். வேலைக்குப் போக உரிமை உண்டு, ஓட்டிப் போக லைசன்ஸ் இல்லை என்ற விநோத நிலை. ஜார்ஜியாவில் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரேகை எடுப்பார்கள். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே நீட்டிப்பைத் தொடங்கச் சொல்லி அலுவலக வக்கீலை நச்சரியுங்கள்.

வேகம். வர்ஜீனியாவில் குறித்த வேகத்தைவிட 20 மைல் கூடினாலோ 85 மைலைத் தாண்டினாலோ அது வெறும் அபராதம் அல்ல, குற்ற வழக்கு. பெரும்பாலும் சம்மன் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கோர்ட் தேதியைத் தவறவிட்டால் வாரண்ட் பிறக்கும். அடுத்த முறை பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினாலும் விலங்குதான்.

சில்லறைத் தப்பு என்று நினைக்காதீர்கள். டெக்சாஸில் சீட் பெல்ட் போடாததற்காக ஒரு தாயைக் கைது செய்ததைக்கூட 2001-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அபராதம் மட்டுமே உள்ள தப்புக்கும் கைது செய்யப் போலீசுக்கு வழி இருக்கிறது.

கடைத் திருட்டு. செல்ஃப் செக்அவுட்டில் இரண்டு பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போடுவது திருட்டு வழக்கு. குடிவரவுச் சட்டத்தில் திருட்டு 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்ற வகையில் சேரும். இருபது டாலர் பொருளுக்காக விசாவை அடகு வைத்த கதைதான். அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இன்னும் ஆபத்து: 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டப்படி, கடைத் திருட்டுக் குற்றச்சாட்டே அவர்களைக் கட்டாயக் காவலில் வைக்கப் போதும்.

கஞ்சா. மாநிலத்தில் கடை வைத்து விற்றாலும் மத்தியச் சட்டத்தில் இன்னும் குற்றம். குடிமகன் ஆகும்வரை தொடவே வேண்டாம்.

கைதாகிவிட்டால்: முதல் 48 மணி நேரம்

கைதானவர் செய்ய வேண்டியது:

பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்லுங்கள். மற்ற எதற்கும் 'ஐ வான்ட் எ லாயர்.' குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் கொடுக்கும். குடிவரவுக் கோர்ட்டில் அந்தச் சலுகை இல்லை. அங்கே வக்கீலை நீங்களே தேட வேண்டும்.

வீட்டுக்குப் போன் செய்யும்போது வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். ஜெயில் போன்கள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்க வேண்டாம்.

படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். 'நானே கிளம்பிவிடுகிறேன்' என்ற ஒப்புதலாக அது இருக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். ஆங்கிலம் தெரிந்தவரும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூதரகத்துக்குச் சொல்லட்டுமா என்று கேட்பார்கள். 1963 வியன்னா உடன்படிக்கைப்படி அது உங்கள் உரிமை. இந்தியர், இலங்கையர் விரும்பினால் மட்டும் சொல்வார்கள். மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் கேட்காமலே சொல்லியாக வேண்டும். இலங்கை அரசுக்குப் பயந்து இங்கே தஞ்சம் கேட்டிருக்கும் ஈழத்தமிழர் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் 'சரி' சொல்லிவிடக் கூடாது. எந்த அரசுக்குப் பயந்து வந்தீர்களோ அதனிடமே தகவல் போகும். வேண்டாம் என்று சொல்லலாம்.

வெளியே இருக்கும் குடும்பம் செய்ய வேண்டியது:

முதல் வேலை, 'இமிக்ரேஷன் ஹோல்ட் இருக்கிறதா?' என்று ஜெயிலிடம் கேட்பது. இருந்தால், ஓடிப்போய் ஜாமீன் கட்டாதீர்கள். ஜாமீன் கட்டிய நொடியில் 48 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கட்டிய பணத்துக்குக் கிடைப்பது ஐஸ் வண்டியாக இருக்கலாம். குற்ற வக்கீல், குடிவரவு வக்கீல் இருவரும் பேசி முடிவு செய்யட்டும். டிடெய்னரின் ஒரு நகல் கைதியின் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்று அந்தப் படிவமே சொல்கிறது. கொடுத்தார்களா என்று கேளுங்கள். 48 மணி தாண்டியும் விடவில்லை என்றால், நேரத்தைக் குறித்து வைத்து வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஆள் ஜெயிலில் இல்லை என்றால், ஐஸின் இணையத் தேடுபக்கத்தில் குடிவரவுத் துறை கொடுத்த 'ஏ' எண்ணும் பிறந்த நாடும் போட்டுப் பார்க்கலாம். அந்த எண் இல்லையென்றால் பெயரையும் பிறந்த நாட்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் போடுங்கள். அப்பா பெயர் முன்னா பின்னா என்ற நம் ஊர்க் குழப்பத்தால் தேடல் தோற்பதுண்டு. இரண்டு வரிசையிலும் முயலுங்கள்.

கோர்ட்டில்: ஒப்புக்கொள்ளும் முன்

வழக்கைச் சீக்கிரம் முடிக்க அரசு வழக்கறிஞர் பேரம் பேசுவார்: 'ஒப்புக்கொள், ஜெயில் வேண்டாம், ஆறு மாதம் ஒழுங்காக இரு, வழக்கை மூடிவிடுகிறோம்.' குடிமகனுக்கு அது நல்ல பேரம். உங்களுக்குக் கண்ணியாக முடியலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது நிபந்தனை விதித்துவிட்டால், மாநிலம் அதைத் தண்டனை என்று எண்ணாவிட்டாலும் குடிவரவுச் சட்டம் தண்டனையாகவே எண்ணும். டெக்சாஸில் பரவலான 'டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்' இதற்கு நல்ல உதாரணம். பிறகு பதிவை அழிக்கச் சொல்லி உத்தரவு வாங்கினாலும் குடிவரவுத் துறை கண்ணுக்கு அது அழிவதில்லை. ஒப்புதல் இல்லாமல் வழக்குக்கு முன்பே வகுப்புக்கு அனுப்பி முடிக்கும் ஏற்பாடு கிடைத்தால் நிலைமை பெரும்பாலும் வேறு. அந்த வேறுபாட்டை வக்கீலிடம் தெளிவாகக் கேளுங்கள்.

கென்டக்கியில் கஞ்சா வழக்கில் ஒப்புக்கொண்ட ஒரு லாரி ஓட்டுநர் நாற்பதாண்டு கிரீன் கார்டுக்காரர். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். இத்தனை காலம் இருந்துவிட்டாய், நாடுகடத்தலைப் பற்றிக் கவலைப்படாதே என்று அவருடைய வக்கீல் சொன்னாராம். 2010-ல் உச்ச நீதிமன்றம், ஒப்புதலால் நாடுகடத்தல் வருமா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது குற்ற வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. உங்கள் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே 'நான் குடிமகன் இல்லை' என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

வழக்கு முடிந்ததும் கோர்ட் முத்திரையோடு தீர்ப்பு நகல் இரண்டு வாங்கி வையுங்கள். விசாப் படிவம் டிஎஸ்-160-லும் குடியுரிமைப் படிவத்திலும் கைதைப் பற்றிக் கேட்பார்கள். தள்ளுபடியானதையும் சொல்ல வேண்டும். மறைத்தால், கைதைவிட மறைத்தது பெரிய குற்றமாகும்.

வீட்டுச் சண்டையும் 911-ம்

இந்தப் பகுதியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள்.

நம் ஊரில் மகளிர் காவல் நிலையத்தில் இருதரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்புவார்கள். அமெரிக்காவில் 911-க்கு ஒரு போன் போய்விட்டால் அந்த வழி பெரும்பாலும் இல்லை. பல மாநிலங்களில், அடித்ததற்கு அறிகுறி இருந்தால் போலீஸ் ஒருவரைக் கைது செய்தாக வேண்டும். 'கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று மனைவி சொன்னாலும் வழக்கு அவருடையது அல்ல, அரசு வழக்கறிஞருடையது. நீதிபதி பாதுகாப்பு உத்தரவு போட்டுவிட்டால், சமாதானம் பேச வீட்டுக்குப் போவதே புதுக் குற்றம். குடும்ப வன்முறைத் தண்டனையும், பாதுகாப்பு உத்தரவை மீறுவதும் நாடுகடத்தத் தனித்தனிக் காரணங்கள்.

அதற்காக, அடிபடுகிறவர் போன் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதல்ல. ஆபத்து என்றால் 911-ஐ அழையுங்கள். 'தமிழ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொடர்பில் கொண்டுவரக் கேட்கலாம். பாதிக்கப்பட்டவரின் ரேகையை எடுப்பது வழக்கமல்ல. யார் அடித்தார், யார் தடுத்தார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இருவரையும் சேர்த்துக் கைது செய்யும் குழப்பம் அப்போதுதான் தவிரும்.

'எச்-4-ல் இருக்கிறேன், அவர் விசா போனால் என்னுடையதும் போகுமே' என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்ளும் பெண்களுக்கு: 2000-ல் வந்த சட்டம் 'யூ விசா' என்ற வழியைத் திறந்திருக்கிறது. குடும்ப வன்முறை உட்படச் சில குற்றங்களால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவியவர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். போலீசோ அரசு வழக்கறிஞரோ ஒரு சான்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஆண்டுக்கு 10,000 மட்டுமே என்பதால் காத்திருப்பு நீளம். ஆனால் வழி உண்டு. கணவர் குடிமகன் அல்லது கிரீன் கார்டுக்காரர் என்றால், அவர் தயவில்லாமல் தானே கிரீன் கார்டுக்கு மனுச் செய்ய இன்னொரு சட்டமும் இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியவை

□ லைசன்ஸ் முடியும் தேதி, ஐ-94 முடியும் தேதி இரண்டையும் நாட்காட்டியில் குறித்தேன்.

□ வீடு மாறி 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் முகவரி மாற்றினேன். கோர்ட் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்த் தவறிய தேதிதான் பல கைதுகளின் தொடக்கம்.

□ பழைய டிக்கெட் ஏதும் கட்டாமல் நிற்கிறதா என்று கவுன்ட்டி கோர்ட் இணையதளத்தில் பார்த்தேன்.

□ பாஸ்போர்ட், ஐ-94, ஐ-797 ஒப்புதல், 'ஏ' எண், பழைய தீர்ப்பு நகல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. அது எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும்.

□ குற்ற வக்கீல் ஒருவர், குடிவரவு வக்கீல் ஒருவர் பெயரும் எண்ணும் தாளில் எழுதியிருக்கிறது.

□ குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இன்னொரு குடும்பத்தின் பெயரைப் பள்ளியில் கொடுத்திருக்கிறேன்.

□ துணைவரின் போன் எண் மனப்பாடம். ஜெயிலில் முதலில் வாங்கி வைப்பது செல்போனைத்தான். ஊரில் இருக்கும் அம்மாவின் எண் பத்து இலக்கமும் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து அறையில் தூங்குகிற துணைவரின் எண் தெரியாது. இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பாருங்கள்.